காஷ்டெலாவுக்குத் திரும்பும் வெள்ளிக்கிழமை: வாடகைப் பாய்மரப் படகைச் சிக்கலில்லாமல் ஒப்படைக்க ஒரு வழிகாட்டி

குரோவேஷியாவில் பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டப் போகிறோம் என்றால், எல்லோரும் முதல் நாளைப் பற்றித்தான் தேடித் தேடிப் படிக்கிறோம். லைசென்ஸ், கடலில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவுக்கான சான்றிதழ், படகை எப்படிச் சரிபார்த்து வாங்குவது, முதல் இரவு எங்கே தங்குவது. நானும் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். கடைசி நாளைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

விளைவு இதுதான். வெள்ளிக்கிழமை காலை ஹ்வார் தீவில் நிதானமாகக் காபி குடித்துவிட்டு 11 மணிக்குக் கிளம்பினோம். காற்று முகத்துக்கு நேரே அடித்தது. டீசல் பங்க் வாசலுக்கு வந்தபோது மணி நாலரை. எங்களுக்கு முன்னால் பதினான்கு படகுகள். படகுகளைக் கட்டும் துறையான மரினாவுக்குள் நுழையும்போது ஏழு மணி ஆகிவிட்டது. படகின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டிய டைவர் வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்கோ மறுநாள் காலை பத்தரைக்கு விமானம். களைப்பிலும் அவசரத்திலும், படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்துப் போட்டேன். டெபாசிட்டில் ஒரு பகுதி போய்விட்டது. அந்த வாரத்தின் ஆறு நல்ல நாட்களையும் அந்த ஒரு மாலை மூடிவிட்டது.

அடுத்த ஆண்டு அதே இடத்தில், அதே அளவு படகில், எல்லாம் சரியாக நடந்தது. இரண்டு பயணங்களிலும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஸ்ப்லிட் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள காஷ்டெலா மரினாவில் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுக்கும் 40 அடிப் படகு, சனி முதல் சனி வரை ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோகிரிலோ ஸ்ப்லிட்டிலோ எடுத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது.

1. ஒப்பந்தத்தில் நான்கு வரிகளை ஊரிலிருந்தே படித்துவிடுங்கள்

முதலில் திரும்பும் நேரம். வாடகை சனிக்கிழமை காலை வரை என்று போட்டிருக்கும். ஆனால் படகு வெள்ளிக்கிழமை மாலை 5 அல்லது 6 மணிக்குள் தளத்துக்கு, அதாவது வாடகை நிறுவனம் இருக்கும் மரினாவுக்கு, வந்துவிட வேண்டும் என்று இன்னொரு வரி உள்ளே இருக்கும். வெள்ளி இரவு நீங்கள் படகிலேயே தூங்கலாம். ஆனால் மரினாவில் கட்டிய படகில். புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது, சனிக்கிழமை எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்பது. பெரும்பாலும் 8 அல்லது 9. மூன்றாவது, டீசல்: தொட்டியை நிரப்பிக் கொடுக்க வேண்டுமா, ரசீது காட்ட வேண்டுமா, எந்த பங்க்கில் போட்டாலும் ஏற்பார்களா? நான்காவது, தாமதத்துக்கு என்ன அபராதம் என்பது. மணிக்கணக்கில் போடுபவர்கள் உண்டு. ஒரு நாள் வாடகையின் மடங்காகப் போடுபவர்களும் உண்டு. வானிலை மோசம் என்று சொன்னால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ‘வானிலையை முன்கூட்டியே பார்த்துத் திட்டமிடுவது ஸ்கிப்பரின் (படகை ஓட்டுபவரின்) பொறுப்பு’ என்று பல ஒப்பந்தங்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இந்த நான்கையும் பார்த்துவிடுவது நல்லது. காரணம் கடைசிப் படியில் வரும்.

2. வியாழன் இரவு எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு நங்கூரம் போடும் இடம்தான் வெள்ளிக்கிழமை எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

கணக்கு எளிது. 40 அடிப் படகு இன்ஜினில் மணிக்கு 5 முதல் 6 கடல் மைல் போகும். ஹ்வாரிலிருந்து காஷ்டெலா ஏறக்குறைய 25 மைல். ஐந்து மணி நேரம், எதிர்காற்று என்றால் அதற்கும் மேல். விஸ் தீவிலிருந்து 30 மைலுக்குக் குறையாது. வெள்ளிக்கிழமை காலை விஸ்ஸில் கண் விழித்தால் அன்று முழுவதும் ஓட்டம்தான். குளிக்கக்கூட நேரம் கிடைக்காது.

அதனால் வியாழன் மாலைக்குள் ஷோல்ட்டா தீவுக்கோ ப்ராச் தீவின் மேற்குக் கரைக்கோ வந்துவிடுங்கள். அங்கிருந்து தளம் 10 முதல் 13 மைல்தான். எனக்குத் தெரிந்த இடங்கள் இவை.

மில்னா, ப்ராச்: நல்ல பாதுகாப்பான துறை, மரினா, கடைகள், டீசல் பங்க் எல்லாம் உண்டு. கோடையில் மரினாவில் ஓர் இரவு 40 அடிப் படகுக்கு 100 யூரோ அளவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பதால் வியாழன் மதியத்துக்கு மேல் இடம் கிடைப்பது கஷ்டம். முன்பதிவு செய்யுங்கள்.

ஷெஷூலா குடா, ஷோல்ட்டாவின் மேற்கு முனை: உணவகங்கள் படகைக் கட்ட மிதவை போட்டு வைத்திருக்கின்றன. அங்கே சாப்பிட்டால் மிதவைக்குத் தனியாகக் காசு கேட்பதில்லை. ஆனால் சாப்பாடு மலிவில்லை. போன் செய்து மிதவையைச் சொல்லி வையுங்கள்.

நெச்சுயம் குடா, ஷோல்ட்டாவின் வடகரை: எனக்குப் பிடித்தது இதுதான். பெரிய குடா, உள்ளே பல கிளைகள். சொந்த நங்கூரத்தில் நிற்கலாம். வடக்குப் பக்கம் திறந்திருப்பதால் புரா என்ற வடகிழக்குக் காற்று வரும் என்று அறிவிப்பு இருந்தால் மட்டும் இங்கே வேண்டாம்.

3. காற்றைப் புதன்கிழமையிலிருந்தே பாருங்கள்

நம்மூர்க் கடலோர மக்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பேசுவதுபோல குரோவேஷியாவின் தல்மாத்தியக் கரையிலும் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. உங்களுக்கு மூன்று தெரிந்தால் போதும்.

மயிஸ்த்ரல் என்பது கோடையின் நல்ல காற்று. வடமேற்கிலிருந்து வரும். முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் வலுத்துச் சூரியன் மறையும்போது அடங்கிவிடும். வாரம் முழுக்க உங்களுக்குச் சுகம் கொடுத்த இதே காற்று, வெள்ளிக்கிழமை திரும்பும்போது ஏறக்குறைய முன்னாலிருந்து வரும். தளம் இருப்பது வடக்கே. அதனால்தான் 11 மணிக்குக் கிளம்பிய நாங்கள் மாட்டிக்கொண்டோம். காலை 7 மணிக்குக் கிளம்பியிருந்தால் கடல் தட்டையாக இருந்திருக்கும்.

யூகோ தென்கிழக்குக் காற்று. மெதுவாக, ஓரிரு நாட்களில் கட்டி எழும்பும். மேகமும் புழுக்கமும் பெரிய அலையும் கூடவே வரும். பின்னாலிருந்து தள்ளும் என்பதால் ஊர் திரும்ப உதவும்போல் தோன்றும். ஆனால் அலையில் படகு புரளும், பாயின் கீழ்க்கம்பமான பூம் மறுபக்கம் அடித்துத் திரும்பும் அபாயம் உண்டு. பூமைக் கயிற்றால் முன்பக்கம் இழுத்துக் கட்டிவிடுங்கள்.

புரா வடகிழக்கிலிருந்து மலை இறங்கி வரும் காற்று. கோடையில் குறைவு என்றாலும் வந்தால் எச்சரிக்கை இல்லாமல் அறைவதுபோல் வரும். காஷ்டெலாவுக்கு மேலே கோஸ்யாக் மலை, ஸ்ப்லிட்டுக்குப் பின்னால் மோசோர் மலை. நடுவிலுள்ள கிளிஸ் கணவாய் வழியாகப் புரா பாய்ந்து வரும். மலையுச்சியில் வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் மேகம் உட்கார்ந்திருந்தால் கவனம். மரினாவுக்குள் படகைப் பின்பக்கமாகச் செலுத்திக் கட்டும்போது புரா அடித்தால் அனுபவசாலிகளே திணறுவார்கள்.

குரோவேஷிய வானிலை நிறுவனமான டிஎச்எம்இசட் வெளியிடும் கடல் அறிக்கையை ஒவ்வொரு நாள் காலையிலும் மாலையிலும் படியுங்கள். விஎச்எஃப் ரேடியோவில் ஸ்ப்லிட் ரேடியோ ஆங்கிலத்திலும் வாசிக்கும். வெள்ளிக்கிழமை மோசம் என்று புதன் இரவே தெரிந்தால் வியாழனே தளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுங்கள். ஒரு நாளை இழந்ததாக நினைக்க வேண்டாம். மரினாவில் கட்டிவிட்டு ஸ்ப்லிட் பழைய நகரத்தில் தியோக்ளேஷியன் அரண்மனையைச் சுற்றிப் பார்க்கலாம். தாமதம் தவிர்க்கவே முடியாது என்றால் தளத்துக்குப் போன் செய்வதோடு நிறுத்தாமல் செய்தியாகவும் அனுப்புங்கள். எழுத்தில் இருப்பதுதான் பிறகு உதவும்.

கடலில் ஆபத்து என்றால் விஎச்எஃப் 16ஆம் சேனல், போனில் 195. இரண்டையும் எழுதி ஒட்டி வையுங்கள்.

4. நங்கூரம் எடுக்கும் முன் அரை மணி நேரம்

வெள்ளி காலை எழுந்ததும் எல்லோரும் பையைக் கட்டத் தொடங்குவார்கள். முதலில் படகைப் பாருங்கள். வின்ச் கைப்பிடிகள் எத்தனை வாங்கினீர்களோ அத்தனையும் இருக்கின்றனவா? கயிறு இழுக்கும் வின்ச்சில் பொருத்திச் சுற்றும் அந்தக் கைப்பிடி கைதவறினால் கடலுக்குள்தான் போகும். படகுக் கொக்கி, டிங்கி என்ற சிறு துணைப்படகின் துடுப்புகள், டிங்கி இன்ஜினை அணைக்கும் சிவப்புச் சுருள் கயிறு, மோதலைத் தாங்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் ஃபெண்டர்கள், முதலுதவிப் பெட்டி. இவைதான் வழக்கமாகக் காணாமல் போகும் பொருட்கள். ஒன்று குறைந்தாலும் விலை கணக்கில் ஏறும்.

கழிவுத் தொட்டியையும் மறக்காதீர்கள். எங்கே, கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் காலி செய்யலாம் என்பதைப் படகை வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டு அதன்படி செய்யுங்கள். குடாவிலும் துறைமுகத்திலும் திறக்கவே கூடாது. கழிவறைக் குழாய் அடைத்தால் சுத்தம் செய்யும் செலவு நம் தலையில்தான் விழும். குழந்தைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

5. டீசலைக் காலையிலேயே போட்டுவிடுங்கள்

சனிக்கிழமை திரும்ப வேண்டிய நூற்றுக்கணக்கான படகுகள் வெள்ளி பிற்பகல் 2 மணியிலிருந்து தளத்தை ஒட்டியுள்ள பங்க்குகளுக்குக் குவியும். வரிசை என்பது சாலையில் நிற்பதுபோல் இல்லை. பிரேக் இல்லாத படகைக் காற்றிலும் நீரோட்டத்திலும் பிடித்து நிறுத்திக்கொண்டு, முன்னும் பின்னும் பத்துப் படகுகளுக்கு நடுவே வட்டமடிக்க வேண்டும். அந்த வாரத்தின் பெரும்பாலான கீறல்கள் இங்கேதான் விழுகின்றன. எங்கள் படகின் வேலிக்கம்பி வளைந்ததும் இங்கேதான்: பக்கத்துப் படகு காற்றில் ஒதுங்கி வந்தது, என் மச்சான் கையால் தள்ளிவிடப் பாய்ந்தான், நான் ‘கையை எடுடா, கையை எடு’ என்று கத்தினேன். கம்பி போனால் போகட்டும். பத்து டன் படகுக்கு நடுவே யாரும் கையையோ காலையோ கொடுக்கக் கூடாது. ஒரு ஃபெண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நடமாட ஒருவரை நியமியுங்கள்.

இரண்டாம் முறை ஷோல்ட்டாவின் ரோகாச் துறையில் காலையிலேயே போய்ப் போட்டுவிட்டோம். எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகு. மில்னாவிலும் பங்க் உண்டு. அங்கிருந்து தளத்துக்கு இரண்டரை மணி நேரம் இன்ஜின் ஓடினால் 8 லிட்டர்போலச் செலவாகும். அந்தக் குறைவை ஏற்பார்களா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் தளத்தில் ரசீதைக் காட்டியதும் சரி என்றார்கள். சில இடங்களில் முள் கடைசிவரை நிற்க வேண்டும் என்பார்கள்.

இந்த அளவு படகு இன்ஜினில் மணிக்கு 3 முதல் 4 லிட்டர் குடிக்கும். காற்றைப் பொறுத்து வாரத்துக்கு 60 முதல் 120 லிட்டர் வரை ஆகலாம். நிரப்பும்போது மூடியில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படியுங்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடியும் டீசல் மூடியும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் டீசல் ஊற்றியவர்களின் டெபாசிட் முழுதும் போன கதையைத் தளத்தில் கேட்டிருக்கிறேன்.

டீசல் போட்டாயிற்றா? இப்போதுதான் விடுமுறை. ரோகாச்சுக்குப் பக்கத்திலேயே நெச்சுயம். நங்கூரம் போட்டு, கடைசியாக ஒருமுறை குதித்து நீந்துங்கள். மிச்சமிருக்கும் தக்காளி, முட்டை, ரொட்டி எல்லாம் மதிய உணவாகட்டும். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாய்ப் பாட்டிலை அன்றுதான் முடித்தோம். 12 மணிக்குக் கிளம்பினால் போதும்.

6. கடற்கால்வாயைக் கடப்பது

ப்ராச்சுக்கும் ஷோல்ட்டாவுக்கும் நடுவிலுள்ள குறுகலான வழிக்கு ஸ்ப்லிட் வாயில் என்று பெயர். ஹ்வார், விஸ் பக்கமிருந்து வரும் படகுகளில் பெரும்பாலானவை, பெரிய ஃபெரிகளும் அதிவேகக் கட்டமரான்களும் உட்பட, இதில்தான் நுழையும். அதைத் தாண்டினாலும் ஸ்ப்லிட்டிலிருந்து தீவுகளுக்குப் போகும் பாதைகளை நீங்கள் குறுக்கே கடக்க வேண்டும். காஷ்டெலா குடாவின் வாயில், சியோவோ தீவுக்கும் மர்யான் முனைக்கும் நடுவே, சரக்குக் கப்பல்களும் வரும்.

‘பாய்மரத்துக்குத்தான் முன்னுரிமை’ என்று படித்ததை நம்பி நேராகப் போகாதீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், பாய் ஏற்றியிருந்தாலும், சட்டப்படி நீங்கள் இன்ஜின் படகுதான். ஃபெரியைப் பார்த்ததும் அதன் திசையைக் காம்பஸில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கோணம் மாறாமல் அது மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள். சீக்கிரமாக, பெரிதாக, அவருக்குத் தெரியும்படி திரும்பி அதன் பின்பக்கமாகக் கடந்து போங்கள்.

குடாவுக்குள் நுழைவதற்கு முன்பே பாய்களைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். உள்ளே இடமும் நேரமும் குறைவு.

7. மரினாவுக்குள் நுழைவது

ஒரு மைல் இருக்கும்போதே தளத்தைக் கூப்பிடுங்கள். எந்தப் பாலம் (படகுகளைக் கட்டும் மேடை), எத்தனையாவது இடம், எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் ஃபெண்டர். பின்பக்கம் இரண்டு கயிறுகள் வெளியே எடுத்துத் தயாராக.

காற்று அடிக்கிறது, பயமாக இருக்கிறது என்றால் தயங்காமல் சொல்லுங்கள். பல தளங்களில் ஊழியர் ஒருவர் ரப்பர் படகில் வந்து ஏறி நமக்காக நிறுத்திக் கொடுப்பார். நாங்கள் இரண்டாம் முறை கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே வந்தார், ஐந்து நிமிடத்தில் கட்டி முடித்தார். அன்று நாள் முழுக்க அவருக்கு அதுதான் வேலை.

நீங்களே நிறுத்துவதானால் ஓர் எச்சரிக்கை. படகின் பின்பக்கத்தைப் பாலத்தில் கட்டியதும் ஊழியர் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கயிற்றைத் தூக்கிக் கொடுப்பார். பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும். அதைக் கொக்கியால் பிடித்துப் படகின் ஓரமாகவே முன்பக்கம் கொண்டுபோய் இழுத்துக் கட்ட வேண்டும். அந்தக் கயிறு நீரில் தளர்ந்திருக்கும் நேரத்தில் இன்ஜின் கியரில் இருந்தால் புரொப்பெல்லர் அதைச் சுற்றிக்கொள்ளும். கயிறு கைக்கு வந்ததும் நியூட்ரல். முன்பக்கம் இருப்பவர் ‘கட்டியாச்சு’ என்று சொல்லும் வரை கியரைத் தொடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு பிடிக்கச் சொல்லுங்கள். சிப்பி உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

8. ஒப்படைப்பு, டெபாசிட், காகிதங்கள்

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தால் ஊழியர்களுக்கு உங்களுக்கான நேரம் இருக்கும். ஆறு மணிக்கு வந்தால் இருக்காது. டைவர் முகமூடியோடு இறங்கிக் கீல் (படகின் அடியில் நீட்டியிருக்கும் பகுதி), சுக்கான், புரொப்பெல்லர் மூன்றையும் பார்ப்பார். அவர் இறங்கும்போது நீங்களும் அங்கே இருங்கள். அவர் தலையை வெளியே நீட்டிக் கட்டை விரலைத் தூக்கியதும் எனக்கு ஒரு வாரப் பாரமே இறங்கியதுபோல் இருந்தது.

மேலே சரிபார்க்கும் ஊழியரிடம், எதாவது உடைந்திருந்தால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். முதல் நாள் படகை வாங்கும்போது எடுத்த வீடியோ கையில் தயாராக இருக்கட்டும். பழைய கீறலைப் புதிதென்றால் காட்டலாம். சேதத்துக்குப் பணம் பிடிப்பதாகச் சொன்னால் எந்தப் பொருள், எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில் கேளுங்கள். உடன்பாடு இல்லையென்றால் கையெழுத்துக்கு மேலே ‘இதை ஏற்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். முதல் ஆண்டு நான் செய்யத் தவறியது இதைத்தான். இன்னொரு படகோடு மோதியோ தரை தட்டியோ பெரிய சேதம் என்றால் துறைமுக அதிகாரி அலுவலகத்தில் அன்றே பதிவு செய்ய வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் காப்பீடு நகராது.

இந்த அளவு படகுக்கு டெபாசிட் 1,500 முதல் 3,000 யூரோ வரை இருக்கும். கிரெடிட் கார்டில் முடக்கி வைப்பார்கள். தளம் விடுவித்தாலும் வங்கி விடுவிக்கச் சில நாட்கள், சில வேளை ஓரிரு வாரம் ஆகும். அதுவரை அந்தக் கார்டின் வரம்பை நம்பி வேறு செலவு வைக்காதீர்கள். ‘டெபாசிட் முழுதும் விடுவிக்கப்பட்டது’ என்று எழுதிய தாளைக் கையோடு வாங்குங்கள். இறுதித் துப்புரவுக் கட்டணம் தனி. அதைத் தொடக்கத்திலேயே கட்டிவிட்டீர்களா என்று ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை கேட்டால் காட்டலாம்.

முதல் நாள் உங்களிடம் ஒரு கோப்பு கொடுத்திருப்பார்கள்: படகின் பதிவுச் சான்று, காப்பீடு, பயணிகள் பட்டியல், வரி ரசீதுகள். எல்லாம் அசல். ஒன்றும் உங்கள் பைக்குள் போய்விடக் கூடாது. பதிலுக்கு உங்கள் ஸ்கிப்பர் லைசென்ஸை அவர்கள் வாங்கி வைத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நடுவழியில் யாராவது இறங்கி ஃபெரியில் போனால், அதைத் தளத்துக்கு அன்றே சொல்லிப் பட்டியலை மாற்றச் சொல்ல வேண்டும்.

9. சனிக்கிழமை

ஸ்ப்லிட் விமான நிலையம் காஷ்டெலாவுக்கும் ட்ரோகிருக்கும் நடுவே இருக்கிறது. மரினாவிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் படகு மாற்றும் கூட்டம் முழுக்க அதே சாலையில்தான். டாக்சியை வெள்ளி இரவே பேசி வையுங்கள். நண்பகலுக்கு முன் விமானம் எடுக்காதீர்கள். சோதனையில் ஏதாவது மிச்சமிருந்தால் சனி காலை 8 மணிக்குத்தான் முடியும்.

குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. விசாவில் போகிறவர்கள் விமானம் ஏறும் சனிக்கிழமையையும் சேர்த்து நாட்களை எண்ணுங்கள். பயணம் வெள்ளியோடு முடிகிறது என்று எண்ணி ஒரு நாள் குறைத்து விசா கேட்டுவிடும் தவறு எளிதில் நடக்கும். ஷெங்கனுக்கு வெளியே உள்ள லண்டன் போன்ற ஊர்கள் வழியாகப் போனால் ஸ்ப்லிட்டிலேயே பாஸ்போர்ட் சோதனை இருக்கும்; அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்குவதற்கு முன் ஒவ்வொரு மெத்தையையும் தூக்கிப் பாருங்கள், வரைபட மேசையின் மூடியைத் திறந்து பாருங்கள், ஃப்ரிட்ஜின் அடியில் கைவிட்டுத் துழாவுங்கள். என் மனைவியின் மூக்குக் கண்ணாடி மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தது. ஒன்பது மணிக்குள் துப்புரவுக்காரர்கள் ஏறிவிடுவார்கள். அதற்குப் பிறகு படகு உங்களுடையதில்லை.